வெட்டுவதற்கு முன் கட்டிப் பழகட்டும்: மெய்நிகர் உடற்கூறு மேசையில் பாடம் எடுக்க வரும் புது டியூட்டர்களுக்கு

பர்லியாறு தாண்டி, வளைவு வளைவாக ஏறி, ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அனாட்டமி துறைக்குள் நுழைகிறீர்கள். முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் வந்துவிட்டார்கள். ஹெச்.ஓ.டி. உங்களை ஓர் அறைக்கு அழைத்துப்போய், ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும், மனித உடலை அடுக்கடுக்காகக் காட்டும் ஒரு கண்ணாடித் திரையைக் காட்டி, "இதை இனிமே நீங்கதான் பார்த்துக்கணும்" என்கிறார். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. உங்களுக்கும் அநேகமாக அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்துபவர்கள் எதைத் தொட்டால் தோல் மறையும், எப்படிச் சுற்றினால் முதுகு தெரியும் என்று காட்டிவிட்டுப் போவார்கள். அதை வைத்துப் பாடம் எடுப்பது வேறு வேலை. அதை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் முதல் வகுப்பில் அக்குள் பகுதியை எடுத்தேன். தோலை நீக்கினேன், தசைகளை ஒவ்வொன்றாக உரித்தேன், நரம்புகள் மஞ்சளாகவும் தமனி சிவப்பாகவும் பளிச்சென்று வந்து நின்றன. மாணவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் டைசெக்‌ஷன் ஹாலில் கெடாவரின் (வெட்டிப் படிக்கப் பதப்படுத்தி வைத்த இறந்த உடல்) அக்குளைத் திறந்து வைத்து, "ஆக்ஸிலரி ஆர்ட்டரி எது, காட்டுங்க" என்றேன். அக்குள் தமனிதான் அது. பன்னிரண்டு பேரில் ஒருவரால்கூடக் காட்ட முடியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. நான் உரித்தேன், அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒன்று புரிந்தது. கெடாவரை ஒருமுறைதான் வெட்ட முடியும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. திரையிலோ எடுத்ததைத் திரும்ப வைக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். அந்த மேசை நமக்குத் தரும் பெரிய கொடை இதுதான். ஆகவே திரையில் உடலை உரிக்கவிடாதீர்கள். வெறும் எலும்பிலிருந்து தொடங்கி, கட்டவிடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதல் வாரம்: நீங்களும் மேசையும் மட்டும்

வகுப்பு எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் மாலையில் தனியாக உட்காருங்கள். முழு உடலையும் மேய வேண்டாம். அடுத்து வரப்போகும் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மென்பொருளில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சில சிறிய நரம்புகள் இருக்காது. சில இருக்கும், ஆனால் பாதியில் நின்றுவிடும். வகுப்பு நடுவில் மாணவர் கேட்டு, நீங்கள் தேடித் திணறுவதைவிட இது மேல்.

அப்புறம், திரையில் படுத்திருப்பது யாருடைய உடல் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில மென்பொருள்களில் உடல் ஓவியர் வரைந்தது. சிலவற்றில் உண்மையான மனித உடலை மெல்லிய தகடுகளாகச் சீவி, படம் எடுத்து, அடுக்கிச் சேர்த்தது. இதில் முதலில் பெயர் பெற்றது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'விசிபிள் ஹ்யூமன்' திட்டம். 1994-ல் ஆண் உடலின் படங்களும், 1995-ல் பெண் உடலின் படங்களும் வெளிவந்தன. ஆணின் உடல் 1 மி.மீ. இடைவெளியில் 1,871 தகடுகள். பெண்ணின் உடல் 0.33 மி.மீ. இடைவெளியில் ஐயாயிரத்துக்கும் மேல். பின்னர் கொரியர்கள் 0.2 மி.மீ. வரை போனார்கள்.

அந்த ஆண், டெக்சாஸில் 1993-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயதுக் கைதி. உடலை அறிவியலுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அவருக்கு ஏற்கெனவே குடல்வால் அறுவை ஆகியிருந்தது. எனவே அந்தத் தரவை அப்படியே வைத்துக் குடல்வால் பாடம் எடுக்கப் போனால் கிடைக்காது. இது தெரியாமல் மாணவர்களைத் தேடவிட்டால் நேரம் வீண். தெரிந்தே தேடவிட்டு, "ஏன் இல்லை?" என்று கேட்டால் அது ஒரு நல்ல பாடம்.

கெடாவர் முன்னால் மாணவர்கள் எடுக்கும் உறுதிமொழியைத் திரை முன்னாலும் நினைவுபடுத்துங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டமே கெடாவரை முதல் ஆசிரியர் என்கிறது. ஓவியம் இல்லையென்றால், திரையில் இருப்பவரும் ஒருநாள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர்தான். அந்த உடலோடு செல்ஃபி எடுக்க நான் யாரையும் விட்டதில்லை.

மலைக்கென்று சில வேலைகள்

கீழே கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேராக அறைக்குள் வரும். குளிர்ந்த கண்ணாடியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சுவிட்டால் திரை மேல் ஈரம் படரும். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே ஜன்னலைச் சாத்தி, ஹீட்டர் இருந்தால் போட்டு, அறை கொஞ்சம் சூடான பிறகு இயந்திரத்தைப் போடுங்கள். ஈரம் தெரிந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம்.

ஜனவரி உறைபனிக் காலையில் விறைத்த விரல்களுக்குச் சில திரைகள் சரியாகப் பதில் சொல்லாது. கையை நன்றாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பளிக் கையுறையைக் கழற்றச் சொல்லுங்கள்.

காற்றடித்து மரம் விழுந்தால் மின்சாரம் போகும். யு.பி.எஸ். இல்லாமல் ஒரு வகுப்பும் திட்டமிடாதீர்கள். அன்றைய பாடத்தின் ஐந்தாறு காட்சிகளைப் படமாக எடுத்து அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். எனக்கு இரண்டு முறை அதுதான் கைகொடுத்தது.

குளிரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஒரு டிசம்பர் காலையில் ஹால் அட்டெண்டர் அண்ணன் ஓடிவந்து, "மேடம், ஃபார்மலின் பால் மாதிரி வெளுத்துப்போச்சு" என்றார். யாரும் எதையும் கலக்கவில்லை. ஃபார்மலின் என்பது கெடாவரைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு கரைசல். குளிரில் அந்த ஃபார்மால்டிஹைடு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வெள்ளைக் கசடாகப் படியும். கேனைத் திறந்தவெளிக் கொட்டகையில் வைக்காமல் கட்டடத்துக்குள் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். மெய்நிகர் மேசை வந்துவிட்டது என்று கெடாவர் பராமரிப்பில் கை தளர்ந்துவிடக் கூடாது. அதனால்தான் இதையும் இங்கே சொல்கிறேன்.

கட்டும் வகுப்பு: அக்குளை வைத்து ஒரு மாதிரி

திரையில் எல்லாவற்றையும் மறையுங்கள். காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு, முதல் விலா. இவை மட்டும் நிற்கட்டும். பக்கத்து மேசையில் இதே எலும்புகள் உண்மையாகவே கிடக்கட்டும். ஒரு மாணவர் அவற்றைக் கையில் எடுத்துத் திரையில் உள்ளபடி பிடித்துக் காட்டட்டும்.

இப்போது கேளுங்கள்: "பின் சுவரைக் கட்டணும். எதை வைக்கலாம்?" யாராவது சப்ஸ்கேப்புலாரிஸ் என்பார்கள். "எங்கே தொடங்கி எங்கே முடியுது?" பதில் வந்த பிறகுதான் அந்தத் தசை திரையில் வர வேண்டும். பதிலுக்கு முன் வரக்கூடாது. அடுத்து டெரஸ் மேஜர், லாட்டிசிமஸ். உள் சுவருக்கு செராட்டஸ் ஆன்டீரியர். இந்தச் சுவர்கள் எழுந்துவிட்டன, முன்சுவர் இன்னும் இல்லை.

பிறகு தமனி. முதல் விலாவின் வெளி விளிம்பில் ஆக்ஸிலரி ஆர்ட்டரி என்று பெயர் பெற்று, டெரஸ் மேஜரின் கீழ் விளிம்பில் பெயர் மாறுகிறது. பெயர் மாறும் இரண்டு இடங்களிலும் மாணவரின் விரல் நிற்கட்டும். அதன் மேல் குறுக்கே பெக்டோராலிஸ் மைனர் தசையை வைத்தால் தமனி தானாக மூன்று பாகமாகிவிடும். மனப்பாடம் செய்ய வேண்டிய வரி கண்ணெதிரே நடக்கிறது.

அந்த இரண்டாம் பாகத்தைச் சுற்றி மூன்று நரம்புக் கற்றைகளை (கார்டு) வையுங்கள். வெளிப்பக்கம் (லேட்டரல்) ஒன்று, உள்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றின் பெயரே அவை தமனிக்கு எந்தப் பக்கம் என்பதுதான். பிரேக்கியல் பிளெக்சஸை, அதாவது கைக்குப் போகும் இந்த நரம்புப் பின்னலை, கழுத்து வேரிலிருந்து தொடங்கி நடத்துவதுதான் வழக்கம். நான் தமனியிலிருந்து தொடங்குவேன். தண்டுவடத்திலிருந்து சி 5 முதல் டி 1 வரை ஐந்து வேர் என்பதைப் பிறகு சொன்னாலும் நஷ்டமில்லை. மாணவர் முதலில் அடையாளம் காண வேண்டியது அக்குளில் கிடப்பதைத்தான்.

கிளைகளைச் சேர்க்கும்போது மூன்றைக் கேளுங்கள்: மஸ்குலோக்யூட்டேனியஸ், மீடியன், அல்நார். தமனிக்கு முன்னால் ஆங்கில எம் எழுத்து போல ஒரு வடிவம் வந்துவிடும். முதல் நரம்பு கோராகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போவதைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாகப் பெக்டோராலிஸ் மேஜர், அதன் மேல் தோல். உடல் மூடியாயிற்று.

இதற்கு இருபது நிமிடம் போதும். இந்த இருபது நிமிடமும் உங்கள் கை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். திரையைத் தொடுவது மாணவர் மட்டுமே. இது கேட்கச் சின்ன விஷயம், கடைப்பிடிப்பது கஷ்டம். அவர்கள் தப்பான தசையைத் தொடும்போது நம் விரல் தானாக நீளும்.

ஒரு குழுவில் எல்லோருக்கும் வேலை கொடுங்கள். ஒருவர் தொடுவார், இன்னொருவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் மட்டும் சொல்வார். தொடுபவர் தானாக எதுவும் செய்யக்கூடாது. "அதை அந்தப் பக்கம் தள்ளு" என்று சொன்னால் அசையக்கூடாது. "லேட்டரல் கார்டை மறை" என்றால்தான் அசைய வேண்டும். அப்போது வாயில் சொல் வரும். மூன்றாமவர் புத்தகம், நான்காமவர் எலும்பு, மற்றவர்கள் சந்தேகம் கேட்க. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் மேசையைச் சுற்றி நின்றால் பின்வரிசை ஃபோனை எடுத்துவிடும்.

திரையிலிருந்து கெடாவருக்கு

வழி தவறும் இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

திரையில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். கெடாவரில் மூன்றுமே ஏறக்குறைய ஒரே மங்கல் பழுப்பு. நிறத்தை வைத்துப் படித்த மாணவர் அங்கே தடுமாறாமல் என்ன செய்வார்? பல மென்பொருள்களில் ஒவ்வொரு உறுப்பின் நிறத்தையும் மாற்ற முடியும். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கிவிடுங்கள். பெயர்ச்சீட்டுகளையும் அணைத்துவிட்டு, "இது எது? எப்படிச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். "தமனிக்கு வெளிப்பக்கம் கிடக்கு, தசையைத் துளைக்குது, அதனால மஸ்குலோக்யூட்டேனியஸ்" என்று ஒரு பெண் சொன்ன நாளில்தான் என் வகுப்பு நடந்தது என்று நம்பினேன்.

அடுத்து அளவு. பெரிதாக்கிப் பார்த்துப் பழகியவர்களுக்கு உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு கயிறு போல மனதில் நிற்கும். ஹாலில் அது நூல். கையில் ஒரு தையல் நூலும், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு நாடாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெனிக் பாடத்தில் நூலைத் திரை மேல் வையுங்கள், காலுக்குப் போகும் தடித்த சயாட்டிக் நரம்பின் பாடத்தில் நாடாவை. திரையை உண்மை அளவுக்குக் கொண்டுவர வசதி இருந்தால் வகுப்பை அந்த அளவிலேயே முடியுங்கள்.

மூன்றாவது, கொழுப்பு. திரையில் தோலுக்கு அடியில் நேராகத் தசை பளபளக்கும். கத்தியைப் பிடித்தவுடன் மாணவர் சந்திப்பதோ கொழுப்பும் சவ்வும்தான். அதை விலக்குவதிலேயே ஒரு மணி நேரம் போகும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தாங்கள் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று பயந்துபோவார்கள். வயிற்றுக்குள் பெரிட்டோனியம் என்ற சவ்வின் மடிப்புகளைத் திரையில் நடத்தவே நான் முயல்வதில்லை. அதற்குக் கை உள்ளே போக வேண்டும்.

நான்காவது, வேறுபாடு. திரையில் எந்த வருடமும் அதே உடல். மீடியன் நரம்பின் இரண்டு வேரும் சிலருக்குக் கீழே தள்ளிச் சேரும், பிரேக்கியல் தமனி சிலருக்கு மேலேயே பிரிந்துவிடும். ஹாலில் உள்ள ஒவ்வொரு கெடாவரிலும் அன்றைய பகுதியைப் பார்த்து, திரையோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு பேட்சும் எழுதி வர வேண்டும் என்று வையுங்கள். நான் கொடுப்பதிலேயே மாணவர்கள் ஆசையாகச் செய்யும் வேலை இது.

இடைவெளி அதிகம் விடாதீர்கள். திரை முடிந்து, முடிந்தால் அதே நாளில், கெடாவர். வாரம் கழித்து என்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

குறுக்குவெட்டும் சி.டி.யும்

குறுக்குவெட்டில் மெய்நிகர் மேசைக்கு ஈடு கிடையாது. ஆனால் முதலாமாண்டு மாணவருக்கு வலம் இடம் குழம்பும். இதற்கு நான் கேரட் வாங்கி வருவேன், கேத்திப் பக்கம் விளைந்தது. தடித்த பக்கம் தலை, கூர்முனை கால். கேரட்டை மல்லாந்து கிடக்கும் ஆளாக நினைத்து, அதன் வலப்பக்கம் நெடுக்கப் பேனாவால் ஒரு கோடு. நடுவில் குறுக்கே வெட்டி, தலைப் பாதியைக் கால் பக்கமிருந்து பார்க்கச் சொன்னால் கோடு பார்ப்பவரின் இடது கைப்பக்கம் வந்து நிற்கும். சி.டி. படத்தை நாம் பார்ப்பது இப்படித்தான், காலடியில் நின்று. கல்லீரல் ஏன் படத்தில் இடப்பக்கம் தெரிகிறது என்ற கேள்வி அதன் பிறகு வருவதில்லை.

தொடங்க நல்ல வெட்டு டிரான்ஸ்பைலோரிக் தளம், மேல்வயிற்றைக் குறுக்கே வெட்டும் கற்பனைத் தளம். மாணவர் தன் உடலிலேயே கழுத்துக் குழிக்கும் பூப்பெலும்பு இணைப்புக்கும் நடுவே அளந்து புள்ளி வைக்கட்டும். திரையில் அதே உயரத்தில், முதல் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில், வெட்டட்டும். பைலோரஸ் (இரைப்பையின் கீழ்வாய்), கணையத்தின் கழுத்து, சிறுநீரக வாயில்கள் எல்லாம் அக்கம்பக்கத்தில் தெரியும். சற்று மேலும் கீழும் நகர்த்தி, எது முதலில் மறைகிறது என்று பார்க்கட்டும். படுத்த உடலுக்கும் நின்ற ஆளுக்கும் இந்த மட்டம் கொஞ்சம் மாறும் என்பதையும் சொல்லுங்கள்.

பெரும்பாலான மேசைகளில் உண்மையான சி.டி. படங்களையும் ஏற்றலாம். உங்கள் மருத்துவமனையின் ரேடியாலஜி துறையில் முறையாக அனுமதி கேளுங்கள். நோயாளியின் பெயர், எண், தேதி எல்லாம் நீக்கிய பிறகே கோப்பு உங்கள் கைக்கு வர வேண்டும். பென் டிரைவில் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இந்த மலையில் எடுக்க வேண்டிய ஒரு பாடம் மண்ணீரல். ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் சிக்கிள் செல் ஹீமோகுளோபின் இந்தியாவில் முதன்முதலாக, 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. அந்த நோய் மண்ணீரலைப் பாதிக்கும். இங்கே வார்டுக்குப் போகும் மாணவர் அந்த நோயாளிகளைப் பார்ப்பார். மண்ணீரலுக்கு ஒற்றை எண்களில் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1 அங்குலம் தடிமன், 3 அகலம், 5 நீளம், 7 அவுன்ஸ் எடை, 9 முதல் 11 வரை விலாக்கள். திரையில் அந்த விலாக்களை மட்டும் வைத்து மண்ணீரலை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பிறகு, "இது வீங்கினால் எந்தத் திசையில் போகும்?" நேர் கீழே என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். கீழே ஃப்ரெனிக்கோகாலிக் தசைநார் தாங்கிக்கொண்டிருப்பதைக் காட்டுங்கள். அது குறுக்காக, வலது இடுப்புக் குழியை நோக்கி வரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாளை கூடலூர்ப் பக்கத்துக் குழந்தை ஒன்றின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது வலது கீழ்ப்புறத்திலிருந்து கையை நகர்த்த வேண்டும் என்பது அப்போது மறக்காது. சிக்கிள் செல் நோயில் மண்ணீரல் சுருங்கிவிடும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு அது நெடுநாள் பெரிதாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேர்வும், மேசை இல்லாத கல்லூரியும்

உறுப்பைக் காட்டிப் பெயர் கேட்கும் ஸ்பாட்டர் தேர்வுக்குத் திரைக் காட்சிகளைப் பயன்படுத்தலாம், பெயரும் நிறமும் இல்லாமல். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஏழெட்டு உறுப்புகளின் பெயரைக் கொடுத்து, ஆழத்திலிருந்து மேலே வரிசையாகக் கட்டச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கேட்பேன். உருப்போட்டவரும் புரிந்துகொண்டவரும் நான்கு நிமிடத்தில் தெரிந்துவிடுவார்கள். மதிப்பெண்ணில் பாதியாவது கெடாவருக்கு இருக்கட்டும்.

உங்கள் கல்லூரிக்கு மேசை இன்னும் வரவில்லையா? ப்ரொஜெக்டரும் ஒரு சுமாரான மடிக்கணினியும் போதும். ஸி-அனாட்டமி என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது, ஜப்பானில் உருவான உடலுறுப்பு மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. சி.டி. பார்க்க 3டி ஸ்லைசர், அதுவும் இலவசம். இரண்டுமே பெரிய கோப்புகள். மலையில் நெட்வொர்க் இழுக்கும், மாணவர்கள் ஊருக்குப் போகும்போது கீழேயே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டும் முறை அதிலும் அப்படியே நடக்கும்.

வகுப்பு முடிந்து இயந்திரத்தை அணைக்கும் முன், கடைசி பேட்ச் மாணவர் ஒருவர் உடலை முழுவதுமாகத் திரும்பக் கட்டி, தோலையும் போர்த்திய பிறகே அணைக்க வேண்டும் என்று வழக்கமாக்குங்கள். ஹாலில் கெடாவரை ஈரத்துணியால் போர்த்திவிட்டு வருகிறார்களே, அது போல. மறுநாள் காலை அடுத்த பேட்ச் வந்து திரையைத் தொடும்போது முழு மனிதராக இருப்பார். அவர்கள் முதல் எலும்பிலிருந்து தொடங்கலாம்.